இந்தியா – ஆசியான் ஒத்துழைப்பு பீடோங் வரைக்கும் வருகிறதா?

என்னோடு தோட்டத்து அலுவலகத்தில் வேலை பார்த்தவரின் பேத்தி, இப்போது பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் படிப்பவள், பள்ளிக் கட்டுரைக்காக ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருந்தாள். "தாத்தா, இந்தியாவும் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானும் 30 ஆண்டுகளுக்கு மேலாக ஒத்துழைப்பதாகப் புத்தகத்தில் இருக்கிறது. மாநாடு, கூட்டறிக்கை, கைகுலுக்கும் படம் எல்லாம் பார்க்கிறேன். மலேசியாவில் நம் கெடா மாநிலத்துப் பீடோங் போன்ற ஒரு தோட்டப்புறத்து ஊருக்கு அதனால் ஏதாவது வந்து சேர்ந்திருக்கிறதா?" முப்பது ஆண்டு தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவனிடம் கேட்டால் கணக்காகத்தான் பதில் வரும். பொறுமையாகப் படி.

வந்து சேர்ந்திருக்கிறது, அம்மா. பாமாயில் தரும் செம்பனைக் குலைக்குக் கொடுக்கும் எடைச்சீட்டாக வருகிறது, அரிசி மூட்டையின் விலையாக வருகிறது. எந்த ஒப்பந்தத்தில் ஓர் எண் எழுதப்பட்டிருக்கிறதோ அந்த எண் எப்படியோ வழி கண்டுபிடித்து நம் ஊருக்கு வந்துவிடுகிறது. எண் இல்லாத வாசகங்கள் மாநாட்டு மண்டபத்தோடு நின்றுவிடுகின்றன. ஆனால் அந்த எண்ணை எழுதியவர்கள் தங்களுக்கு எவ்வளவு இடம் ஒதுக்கிக்கொண்டு எழுதினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். என் பதிலில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

கட்டுரைக்கு வேண்டிய ஆண்டுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசியான் 1967 ஆகஸ்டு 8இல் பாங்காக்கில் ஐந்து நாடுகளோடு தொடங்கியது. இந்தியா அப்போது தள்ளி நின்றே பார்த்தது. 1991இல் அந்நியச் செலாவணி வற்றித் தங்கத்தை அடகு வைக்கும் நிலை வந்த பிறகுதான் பிரதமர் நரசிம்ம ராவின் அரசு கிழக்கே திரும்பியது. 1992இல் துறைசார் உரையாடல் பங்காளி, 1995இல் முழு உரையாடல் பங்காளி, 2002இல் நோம்பென்னில் முதல் உச்சி மாநாடு, 2012இல் வியூகப் பங்காளி, 2022இல் முழுமையான வியூகப் பங்காளி என்று உறவுக்குப் பட்டங்கள் கூடிக்கொண்டே போயின. கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பாவின் பெயருக்கு முன்னால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பட்டம் கூடுவதைப் போல. நம் ஊரைத் தொட்டது இவற்றில் எதுவுமில்லை. 2009 ஆகஸ்டு 13இல் கையெழுத்தாகி 2010 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த சரக்கு வணிக ஒப்பந்தமும், மலேசியாவும் இந்தியாவும் தனியாகச் செய்துகொண்டு 2011 ஜூலை 1இல் தொடங்கிய ஒப்பந்தமும்தான் நம்மைத் தொட்டவை.

ஆசியானோடு செய்த அந்தச் சரக்கு ஒப்பந்தத்தில் இந்தியா பெரும்பாலான பொருள்களுக்கு இறக்குமதி வரியைப் படிப்படியாகக் குறைக்கவோ நீக்கவோ ஒப்புக்கொண்டது. ஐந்து பொருள்களை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டது: கச்சாப் பாமாயில், சுத்திகரித்த பாமாயில், காப்பி, தேயிலை, மிளகு. கேரளத்தில் அப்போது எழுந்த எதிர்ப்பு அதற்கு ஒரு காரணம். இந்த ஐந்துக்கும் வரி நீங்காது, மெதுவாகக் குறையும் என்பது ஏற்பாடு. கச்சாப் பாமாயிலுக்கு 80 விழுக்காட்டிலிருந்து 37.5 விழுக்காட்டுக்கும், சுத்திகரித்ததற்கு 90 விழுக்காட்டிலிருந்து 45 விழுக்காட்டுக்கும் 2019 முடிவுக்குள் இறங்கி வர வேண்டும்.

இந்த எண்களை உன் ஆசிரியர் எப்படிச் சொல்லித் தந்தாரோ தெரியாது. பலரும் இவற்றை இந்தியா வசூலிக்கும் வரி என்றே எண்ணிக்கொள்கிறார்கள். இவை உச்சவரம்பு. இதற்கு மேல் போகமாட்டோம் என்பது மட்டுமே டில்லி கொடுத்த வாக்கு; அதற்குக் கீழே எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்பதெல்லாம் அதன் கையில்தான் இருக்கிறது. 2020 நவம்பரில் கச்சாப் பாமாயில் வரியை 27.5 விழுக்காடாக்கினார்கள். 2022இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியபோது கூடுதல் தீர்வையெல்லாம் சேர்த்தும் 5.5 விழுக்காடு என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். 2024 செப்டம்பர் 14இல் ஒரே இரவில் மீண்டும் 27.5, 2025 மே 30இல் 16.5. இத்தனை ஏற்ற இறக்கத்திலும் ஒப்பந்தத்தின் ஒரு வாசகம்கூட மீறப்படவில்லை. இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை வெளியிலிருந்து வாங்குகிறது. சோயா, கடுகு விளைவிக்கும் உழவர்களுக்காக வரியை ஏற்றச் சொல்வார்கள், பண்டிகை நெருங்கினால் பலகாரம் சுடுகிறவர்களுக்காக இறக்கச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் ஓட்டு இருக்கிறது. இடையில் நம்முடைய குலை.

அந்தக் குலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீ தோட்டத்தில் பிறக்காதவள். எனக்கிருக்கும் மூன்று ஏக்கரில் பத்து நாளுக்கு ஒரு முறை வெட்டு. குலையை இறக்கி, சுற்றிலும் சிதறிய உதிரிப் பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி, லாரியில் ஏற்றி, சுங்கைப் பட்டாணி சாலையில் இருக்கும் எடைமேடைக்குக் கொண்டுபோனால், அங்கே ஒரு பலகையில் அன்றைய விலை சாக்குக்கட்டியால் எழுதியிருக்கும். நேற்றைய எண்ணை முழுக்கக்கூட அழித்திருக்க மாட்டார்கள். பழைய எட்டின் மேலேயே புதிய ஆறு உட்கார்ந்திருக்கும். ஒரு டன் குலையில் சுமார் 200 கிலோ எண்ணெய் இறங்கும் என்ற கணக்கை வைத்துக்கொண்டு, அன்றைய கச்சா எண்ணெய் விலையிலிருந்து அந்த எண்ணைப் போடுகிறார்கள். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் குலை ஆலைக்குப் போய்விட வேண்டும். பிந்தினால் எண்ணெயில் அமிலம் ஏறி மதிப்பு குறையும். பால்மரக் காலத்தில் விலை இறங்கினால் ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தவர்கள் இருந்தார்கள். செம்பனையில் அது நடக்காது. டில்லி இரவில் ஓர் அறிவிப்பு வெளியிட்டால், மறுநாள் காலை லாரியில் ஏறும் குலைக்கு அந்த விலையை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

2019, 2020ஆம் ஆண்டுகளில் நடந்ததை உன் கட்டுரையின் நடுப்பகுதியாக வைத்துக்கொள். மலேசியாவின் தனி ஒப்பந்தம் பிந்தித் தொடங்கினாலும், அதன் வரிக் குறைப்பு ஆசியான் ஒப்பந்தத்தைவிட ஓர் ஆண்டு முன்னதாக முடிவுக்கு வந்தது. அதனால் 2019 ஜனவரி முதல் மலேசியச் சுத்திகரித்த எண்ணெய்க்கு 45 விழுக்காடு, இந்தோனேசிய எண்ணெய்க்கு 50 விழுக்காடு என்று ஆயிற்று. ஐந்து விழுக்காட்டு வேறுபாட்டில் நம் எண்ணெய் இந்தியத் துறைமுகங்களில் குவிந்தது. அங்குள்ள சுத்திகரிப்பாளர்கள் முறையிட்டார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் மலேசிய எண்ணெய்க்கு மட்டும் ஐந்து விழுக்காட்டுப் பாதுகாப்பு வரி விழுந்தது. அதே மாத இறுதியில் பிரதமர் மகாதீர் ஐ.நா. பொதுப்பேரவையில் காஷ்மீரைப் பற்றிப் பேசினார். மும்பையிலுள்ள எண்ணெய் வணிகர் சங்கம் மலேசிய எண்ணெயைத் தவிர்க்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. டிசம்பரில் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தையும் மகாதீர் விமர்சித்தார். 2020 ஜனவரி 8இல் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதியை, உரிமம் இருந்தால்தான் கொண்டுவரலாம் என்ற கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது டில்லி.

அந்த அறிவிப்பில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. எல்லா நாட்டுக்கும் பொதுவான விதி என்றே சொன்னார்கள். சொல்லளவில் அது உண்மை. இந்தோனேசியா இந்தியாவுக்குப் பெரும்பாலும் கச்சா எண்ணெயை விற்றது, சுத்திகரித்ததை அதிகம் விற்றது மலேசியா. வரி உச்சவரம்பைத் தொடாமலே, உரிமம் என்ற வேறு கதவைச் சாத்திவிட்டார்கள். ஒப்பந்தம் எழுதியவர்கள் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பது என் வாதம். 2019இல் இந்தியா நம்மிடம் வாங்கியது சுமார் 44 லட்சம் டன். 2020இல் சுமார் 27 லட்சம் டன். ஜனவரியில் டன்னுக்கு 3,000 வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, தொட்டிருந்த கச்சா எண்ணெய் மே மாதத்தில் 2,000 வெள்ளியை ஒட்டி வந்து நின்றது. அந்தச் சரிவு முழுவதையும் டில்லியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. நோய்த்தொற்றுக் காலத்தில் உலகம் முழுவதும் உணவகங்கள் மூடிக் கிடந்தன.

பிறகு எப்படிச் சரியானது என்பதையும் கவனி. எந்த உச்சி மாநாடும் கூடவில்லை. பிப்ரவரி இறுதியில் மகாதீர் பதவி விலகினார். மே மாதத்தில் மலேசியா 100,000 டன் இந்திய அரிசி வாங்க ஒப்பந்தம் போட்டது. இந்திய வணிகர்கள் மீண்டும் எண்ணெய் எடுத்தார்கள். ஜூலை முதல் ஆண்டு முடிவுவரை மலேசியா பாமாயில் ஏற்றுமதி வரியை நீக்கியது. மளிகைக் கடைக்காரரும் வாடிக்கையாளரும் முகம் சுளித்துப் பிரிந்து, பின் ஒருவருக்கொருவர் வேறு கதியில்லாமல் சேர்ந்துகொண்ட கதை இது.

இதில் இன்னொரு இழுபறியும் உண்டு, அதை யாரும் மேடையில் பேசமாட்டார்கள். இந்தியா கச்சாவுக்குக் குறைந்த வரியும் சுத்திகரித்ததற்கு அதிக வரியும் வைக்கிறது. 2025 மே மாற்றத்துக்குப் பின் கச்சாவுக்கு 16.5, சுத்திகரித்ததற்கு 35.75. எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும் வேலை தன் ஊர் ஆலைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. மலேசியாவோ கச்சா எண்ணெய் வெளியே போகும்போது ஏற்றுமதி வரி வாங்கிக்கொண்டு, சுத்திகரித்ததைச் சும்மா விடுகிறது, நோக்கம் அதே. இரண்டு அரசும் ஒத்துழைப்பு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரே ஆலை வேலையைத் தத்தம் பக்கம் இழுக்கின்றன. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலை என்றால் யார்தான் இழுக்கமாட்டார்கள்? 2021இல் இந்தியா 11,040 கோடி ரூபாய் ஒதுக்கி, தன் மண்ணிலேயே 10 லட்சம் ஹெக்டேரில் செம்பனை வளர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. நம்மிடம் இருப்பது ஏறக்குறைய 56 லட்சம் ஹெக்டேர். ஆந்திராவில் நட்ட கன்று காய்ப்புக்கு வர நாலைந்து ஆண்டாகும், தண்ணீரும் இங்கே போல வானத்திலிருந்து சும்மா வராது. ஆகவே இந்த வாடிக்கை சீக்கிரம் முடிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்தது அரிசி. கெடா நெற்களஞ்சியம் என்று பெயர் எடுத்த மாநிலம், அப்படியிருந்தும் நாடு தனக்கு வேண்டிய அரிசியில் ஒரு பங்கை வெளியிலிருந்தே வாங்குகிறது. 2023 ஜூலை 20இல் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. உலக விலை ஏறியது. செப்டம்பர் 1 முதல் இங்கே இறக்குமதி வெள்ளை அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியானது. 10 கிலோ 26 வெள்ளி என்று விலை கட்டிய உள்ளூர் அரிசி கடை அலமாரியிலிருந்து மறைந்தது. நம் ஊர் மளிகைக் கடையில் ஓர் ஆளுக்கு ஒரு மூட்டை என்று எழுதி ஒட்டியிருந்ததை நீயும் பார்த்திருப்பாய். அக்டோபரில் டில்லி சில நாடுகளுக்கு மட்டும் அளவு குறித்து விலக்களித்தது. மலேசியாவுக்கு 170,000 டன். அரசுக்கு அரசு கேட்டு வாங்கிய அளவு அது. உறவு என்ற சொல்லுக்கு அந்த ஆண்டு ஒரு எடை கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்தில் வெங்காயம்: டிசம்பர் 8இல் தடை, 2024 மே மாதம்தான் நீங்கியது. அந்தத் தைப்பூசத்துக்கு எங்கள் கோயில் அடுப்படியில் சீனத்துப் பெரிய வெங்காயத்தை உரித்தோம். சாம்பார் தித்திக்கிறது என்று ஆளாளுக்குக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். இறக்குமதி வரியைப் பற்றி அத்தனை பக்கம் பேசும் ஒப்பந்தங்கள் இந்த ஏற்றுமதித் தடைகளுக்கு எதிரே ஒன்றும் செய்ய முடியவில்லை. தன் மக்களுக்குச் சோறு குறையும் என்றால் தற்காலிகமாக நிறுத்திக்கொள்ள உலக வணிக விதிகளே இடம் தருகின்றன.

இந்தியாவின் பக்கத்துக் குறையையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் கட்டுரை ஒருசார்பாகிவிடும். 2023–24 நிதியாண்டில் இந்தியா ஆசியான் நாடுகளுக்கு விற்றது சுமார் 4,100 கோடி டாலர். வாங்கியது சுமார் 8,000 கோடி டாலர். 2010க்குப் பின் இந்த இடைவெளி அகன்றுகொண்டே வந்திருக்கிறது. வேறு நாட்டில் செய்த பொருள், குறிப்பாகச் சீனப் பொருள், ஆசியான் துறைமுகம் வழியாக முத்திரை மாற்றிக்கொண்டு வருகிறது என்ற சந்தேகம் அவர்களுக்கு உண்டு. ஒரு பொருள் இந்த வட்டாரத்தில் செய்யப்பட்டது என்று ஏற்க, மதிப்பில் 35 விழுக்காடு இங்கே சேர்ந்திருக்க வேண்டும், அதோடு வரிப்பட்டியலில் அதன் வகையும் மாறியிருக்க வேண்டும் என்பது விதி. அது போதாதென்று 2020இல் இந்தியா தன் சுங்கத்துறைக்குத் தனி விதிகளே எழுதிக்கொடுத்தது. அதற்கு முன், 2019 நவம்பர் 4இல் பாங்காக்கில், பதினாறு நாடுகள் ஏழாண்டாகப் பேசிய வட்டார வணிக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா கடைசி நேரத்தில் விலகியது. மற்றப் பதினைந்து நாடுகள் மறு ஆண்டு கையெழுத்திட்டுவிட்டன. பழைய 2009 ஒப்பந்தத்தைத் திருத்தும் பேச்சை 2025க்குள் முடிப்பதென்று குறித்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் கோலாலம்பூரில் தலைவர்கள் கூடியபோதும் அது முடிந்திருக்கவில்லை. பத்து நாடுகளும் ஒத்துக்கொண்டு இந்தியாவும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றால் இவ்வளவு காலம் பிடிப்பதில் வியப்பில்லை.

ஆள்களின் போக்குவரத்தில் ஓரளவு முன்னேற்றம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் இங்கே வரலாம். 2024 ஆகஸ்டில் பிரதமர் அன்வார் டில்லி சென்றபோது தொழிலாளர் சேர்ப்பு, வேலை, திரும்பி அனுப்புதல் பற்றி ஓர் ஒப்பந்தக் குறிப்பு கையெழுத்தானது. நம் ஊருக்கு இதில் வேண்டியது முடிதிருத்தும் கடைக்கு ஓர் ஆள். முடிதிருத்தகம், நகைத் தொழில், துணிக்கடை ஆகிய மூன்று துறைகளுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் எடுப்பது 2009 முதல் நிறுத்தப்பட்டிருந்தது. 2023இல் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு இசைவு தந்தார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே நான் போகும் கடையில் மூன்று நாற்காலி, இன்றைக்கும் ஒன்றின் மேல் பழைய பத்திரிகைதான் அடுக்கி வைத்திருக்கிறது.

நெடுஞ்சாலைத் திட்டங்களை நீ ஒரு வரியில் முடித்துக்கொள்ளலாம். மணிப்பூரின் மோரேயிலிருந்து மியன்மார் வழியாகத் தாய்லாந்தின் மே சோட் வரை 1,360 கிலோமீட்டர் சாலை 2002 முதல் பேச்சில் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அது எப்போது முடியும் என்று யாரும் நாள் சொல்வதில்லை.

கடலைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல ஆசை. இரு நாட்டுத் தலைவர்கள் சந்தித்தால் ஆயிரம் ஆண்டு உறவு என்று ஒரு வாக்கியம் கட்டாயம் வரும். நாம் இருப்பது கடாரத்தில், கெடாவின் பழைய பெயர் அது. மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களை நீ பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பாய். 1025இல் இராசேந்திரன் இங்கே வந்தது ஒத்துழைக்க அல்ல என்பதை நம்மவர்கள் பெருமையில் மறந்துவிடுகிறார்கள். அதற்கு இருபது ஆண்டு முன்னால், கடாரத்து அரசன் மாறவிசயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்ப, இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரின் நெல் வருவாயை அதற்குக் கொடுத்தான். செப்பேட்டில் இத்தனை கலம் நெல் என்று அளவோடு வெட்டியிருக்கிறது. அந்தக் காலத்துக் கிராணி யாரோ, எண்ணை விடவில்லை.

அதே நாகப்பட்டினமும், நம்மிடமிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கோத்தா கோலமூடாவும் 2004 டிசம்பர் 26இல் ஒரே அலையில் அடிபட்டன. நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கு மேல் மாண்டார்கள். மலேசியாவில் 68 பேர், பெரும்பாலும் பினாங்கிலும் கெடாவிலும். பூமி அதிர்ந்தது காலையில், அலை இங்கே வந்தது மதியம். இடையில் பல மணி நேரம் இருந்தும் சொல்வதற்கு ஆள் இல்லை. இன்று ஐதராபாத், ஜகார்த்தா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று மையங்கள் 2011 முதல் இந்தியப் பெருங்கடல் முழுவதற்கும் எச்சரிக்கை அனுப்புகின்றன. இது யுனெஸ்கோவின் கீழ் நடப்பது, ஆசியான் கணக்கில் வராது; ஆனாலும் இந்தியாவும் இந்த வட்டாரமும் சேர்ந்து செய்தவற்றில் எனக்கு முழு மனநிறைவு தரும் ஒன்று உண்டென்றால் இதுதான். இதில் கச்சா, சுத்திகரித்தது என்ற இழுபறி இல்லை. கோத்தா கோலமூடா நினைவிடத்தில் உடைந்த மீன்பிடிப் படகுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து வா. படம் எடுத்துக் கட்டுரையில் ஒட்டு.

என்னிடமிருக்கும் எடைச்சீட்டுகளை நேற்று பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துப் பார்த்தேன். 2019 டிசம்பரிலிருந்து 2020 ஜூன் வரைக்கும் வரிசையாக இருக்கின்றன. ஏப்ரல் சீட்டு ஒன்றின் ஓரத்தைக் கரையான் தின்றிருக்கிறது, டன் விலை மட்டும் தெரிகிறது. ஒவ்வொன்றின் பின்னாலும் டில்லி அறிவிப்பு வந்த நாளைப் பென்சிலால் குறித்து வைக்கிறேன். சனிக்கிழமை மாலை வந்து வாங்கிக்கொண்டு போ, நகல் எடுத்தபின் மறக்காமல் திருப்பிக் கொடு.